காற்றுக்கு முகம் காட்டும் சக்கரங்கள்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போய், பெரியமுதலியார்சாவடியில் இடப்பக்கம் திரும்பினால் சாலை மெல்ல மேடேறும். குயிலாப்பாளையம் தாண்டியதும் மண் செம்மண்ணாக மாறிவிடும். ஆரோவில்லின் தோப்புகளுக்கு நடுவே, மரங்களின் தலைக்கு மேலே, இரும்புக் கோபுரங்களின் உச்சியில் பல இறக்கைகள் கொண்ட சக்கரங்கள் சுற்றுவதை அங்கங்கே பார்க்கலாம். கிணற்றிலிருந்தும் ஆழ்துளையிலிருந்தும் நீர் இறைக்கும் காற்றாலைகள் அவை. புதுச்சேரிக்கு வரும் பயணிகள் பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவர்களையும் காகிதப்பூக் கொடிகளையும் ஆயிரக்கணக்கில் படம் எடுத்துப் போகிறார்கள். இந்தச் சக்கரங்களுக்கு முன்னால் நின்று நிதானமாக ஒரு படம் எடுப்பவரைக் காண்பது அரிது.

காற்றாலையைப் படம் எடுப்பதில் ஒரு தனிச் சுவை இருக்கிறது. ஒரு கோயிலையோ மலையையோ எடுக்கப் போனால், வெளிச்சம் எப்போது நன்றாக விழும் என்று நாம் காத்திருக்கலாம். கோயில் திரும்பி நிற்காது. காற்றாலை திரும்பும். அது எந்தப் பக்கம் முகம் காட்டும் என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. வெளிச்சம் எங்கிருந்து வரும் என்பதைச் சூரியன் தீர்மானிக்கிறது. இந்த இரண்டும் ஒத்துப்போகுமா என்பது ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே நல்ல காற்றாலைப் படம் எடுக்க விரும்புபவர் முதலில் அந்த ஊரின் காற்றைப் படிக்க வேண்டும்.

புதுச்சேரியின் காற்றை எடுத்துக்கொள்வோம். வெயில் ஏற ஏறத் தரை சூடாகிறது. தரைக்கு மேலுள்ள காற்றும் சூடாகி எழும்புகிறது. கடல் அவ்வளவு விரைவாகச் சூடாவதில்லை. கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று கரையை நோக்கி நகரத் தொடங்குகிறது. நண்பகலை ஒட்டியோ அதன் பிறகோ ஊருக்குள் நுழையும் கடற்காற்று இதுதான். அப்போது நீரிறைக்கும் காற்றாலையின் வால் தகடு மேற்கே நீள, சக்கரம் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். படம் எடுப்போர் விரும்பும் பொன்னிற மாலை வெயிலோ மேற்கிலிருந்து வருகிறது. அதாவது, மாலையில் புதுச்சேரிக் காற்றாலையின் முகம் நிழலில் இருக்கும், முதுகு வெளிச்சத்தில் இருக்கும். முகத்தை எடுக்க வேண்டுமானால் கிழக்கே நின்று, எதிர் வெயிலில், கரிய நிழலுருவாகத்தான் எடுக்க முடியும். இதைக் குறை என்று நினைக்க வேண்டியதில்லை. பல இறக்கைச் சக்கரத்துக்கு நிழலுரு மிகப் பொருத்தம்: இறக்கைகளின் இடைவெளிகளில் வானம் கீற்றுக் கீற்றாகத் தெரியும், சக்கரத்தின் எலும்பெல்லாம் எண்ணிப் பார்க்கும்படி இருக்கும்.

ஆனி ஆடி மாதங்களில் இன்னொரு காட்சி கிடைக்கும். அப்போது காலையில் தென்மேற்குப் பருவக்காற்று உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி வீசும். சக்கரம் மேற்கு நோக்கி நிற்கும். பிற்பகலில் கடற்காற்று அந்த மேல்காற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். இரண்டும் சந்திக்கும் நேரத்தில் சக்கரம் தளர்ந்து, ஏறக்குறைய நின்றுபோய், தடுமாறி, பிறகு அரை வட்டம் அடித்து எதிர்த்திசைக்குத் திரும்பும். முக்காலியில் கேமராவை நிறுத்தி, சில நொடிகளுக்கு ஒன்றாகப் படம் எடுக்க விட்டால், கண்ணுக்குத் தெரியாத கடற்காற்றின் முன்விளிம்பு ஊரைக் கடந்துபோவதை அந்தச் சக்கரம் திரும்புவதிலேயே காணலாம். வானிலை ஆய்வு நிலையத்தின் வரைபடத்தில் ஒரு கோடாக மட்டும் பதிவாகும் நிகழ்வு இங்கே ஒரு காட்சியாகிவிடுகிறது.

இப்போது ஏன் இத்தனை இறக்கைகள் என்று கேட்கலாம். நீரிறைக்கும் காற்றாலையின் கோபுரத்துக்குள் ஒரு கம்பி மேலும் கீழும் போய்வருகிறது. அதன் மறுமுனையில், நீரில் மூழ்கிய குழாய்க்குள் ஒரு பிஸ்டன். சக்கரம் நின்ற நிலையிலிருந்து புறப்படும்போதே குழாயிலுள்ள நீரின் எடை முழுவதையும் தூக்கியாக வேண்டும். மெல்லிய காற்றில், நின்ற இடத்திலிருந்து, பாரத்தோடு புறப்படுவதற்கு வேகத்தைவிட முறுக்கு விசைதான் முக்கியம். இறக்கைகள் நெருக்கமாக இருந்தால் வட்டத்தின் பெரும்பகுதி தகடாகி, காற்று எங்கே பட்டாலும் தள்ளும். இதற்குக் கொடுக்கும் விலை என்ன என்றால், வேகம் வராது. இத்தகைய சக்கரத்தின் விளிம்பு காற்றின் வேகத்தோடு ஏறக்குறைய ஒத்தோ, சற்றுக் கூடுதலாகவோதான் ஓடும்.

இந்த வடிவம் அமெரிக்காவின் புல்வெளிகளில் வளர்ந்தது. 1854-இல் கனெக்டிகட்டைச் சேர்ந்த டேனியல் ஹாலடே தானாகவே வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் காற்றாலையை உருவாக்கினார். 1880-களின் தொடக்கத்தில் தாமஸ் பெர்ரி என்ற பொறியாளர் பல்வேறு சக்கரங்களை வைத்து ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து, மரத்தட்டைகளுக்குப் பதில் வளைந்த எஃகுத் தகடுகள் எவ்வளவு மேலானவை என்று கண்டார். அதிலிருந்து பிறந்த ஏர்மோட்டர் காற்றாலை 1888-இல் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 1960-களில் பெங்களூரிலுள்ள தேசிய வானூர்தி ஆய்வகம் நீரிறைக்கும் காற்றாலைகளை வடிவமைத்தது. ஆரோவில்லில் ஆரேகா பட்டறை உருவாக்கிய ஏவி-55 என்ற வகை அந்த மரபின் உள்ளூர்க் கிளை. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டு நிலம் பெரும்பாலும் மரமற்ற, மழையில் அரித்து ஓடைகளாகக் கிழிந்த செம்மண் பொட்டல். நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. காற்று அங்கே இலவசமாக இருந்தது.

வேலையை முடித்த பிறகு அந்தக் காற்றாலைகளுக்கு நேர்ந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கன்றுகள் காடாயின. காடு காற்றைத் தடுத்தது. தரையை ஒட்டிய காற்றுக்கு மரங்கள் பெருந்தடை. இலையும் கிளையும் அதன் வேகத்தை உறிஞ்சிவிடும், மிச்சமிருப்பதையும் சுழல்களாகச் சிதறடித்துவிடும். காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் முப்படியைப் பொறுத்தது: வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்கு. ஆகவே மரம் வளர்ந்த இடத்தில் ஒன்று கோபுரத்தை உயர்த்த வேண்டும், அல்லது சக்கரம் சோம்பி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆரோவில் காற்றாலையை எடுப்பவர் வானத்தை மட்டும் பின்னணியாக வைத்து எடுத்தால் இந்தக் கதை படத்தில் இருக்காது. சற்றுப் பின்னால் போய், மரத்தின் உச்சியும் சக்கரத்தின் அடிவிளிம்பும் ஒரே படத்தில் வரும்படி நிற்க வேண்டும். காற்றாலைக்கும் காட்டுக்கும் உள்ள உறவு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அதே சக்கரத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று வால். காற்று அளவோடு இருக்கும்போது வால் சக்கரத்துக்குச் செங்குத்தாகப் பின்னால் நீண்டிருக்கும். காற்று மிகும்போது, கோபுர அச்சிலிருந்து சற்று விலக்கிப் பொருத்தப்பட்ட சக்கரம் ஒருபக்கமாகத் தள்ளப்பட்டு, கீலில் மாட்டிய வாலை நோக்கி மடங்கும். கடும் காற்றில் சக்கரமும் வாலும் புத்தகத்தின் இரு அட்டைகள்போல் ஒட்டி நின்றுவிடும். காற்றுக்கு விளிம்பை மட்டும் காட்டித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் முறை இது. மின்சாரமோ கருவியோ எதுவும் இதற்குத் தேவையில்லை. வாலின் கோணத்தைச் சரியாகப் பதிவுசெய்த ஒரு புகைப்படத்தைப் பார்த்து, அன்று காற்று எப்படி இருந்தது என்று வருடங்கள் கழித்தும் சொல்லலாம்.

ஆரோவில்லுக்கு இன்னொரு வகைக் காற்றாலையோடும் தொடர்பு உண்டு. அங்குள்ள வருணா என்ற அமைப்பு மின்சாரம் தரும் பெரிய காற்றாலைகளில் முதலீடு செய்திருக்கிறது; ஆனால் அவை புதுச்சேரியை ஒட்டி நிற்கவில்லை, கொங்கு நாட்டுப் பக்கம் நிற்கின்றன. காரணம் நிலத்தின் அமைப்பு. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு சுவராக மறிக்கிறது. அந்தச் சுவரில் சில வாசல்கள் இருக்கின்றன: பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், குமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய். அகன்று வந்த காற்று குறுகிய வாசலில் நெருக்கியடித்து நுழையும்போது வேகம் கூடுகிறது. உடுமலைப்பேட்டை, பல்லடம் வெளிகளிலும், தென்காசிச் சமவெளியிலும், முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் பக்கத்திலும் காற்றாலைகள் காடாக நிற்பது இதனால்தான். காற்றின் வேகம் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் கூடினாலே போதும், ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். முப்படிக் கணக்கு கணவாய்க்கு எவ்வளவு மதிப்புத் தருகிறது பாருங்கள்.

வெளிச்சக் கணக்கும் இங்கே தலைகீழ். ஜூன் முதல் செப்டம்பர் வரை முப்பந்தல் காற்றாலைகள் மேற்குப் பக்கம் முகம் வைத்து நிற்கின்றன. மாலை வெயில் நேராக அவற்றின் முகத்தில் விழுகிறது. அதே பருவத்தில் மலையின் மேற்குச் சரிவில் மழை மேகம் குவிந்திருக்கும். கணவாயின் கிழக்குப் பக்கமோ மழைமறைவு நிலம், வெயில் காயும். சூல் கொண்ட கருமேகம் மூடிய மலைமுடிகளும், அதற்கு முன்னால் வெயிலில் பளிச்சிடும் வெள்ளை இறக்கைகளும் ஒரே காட்சியில் கிடைக்கும். கருமேகத்தை நம்பிக் கேமராவைத் தானியங்கியில் விட்டால் அது படத்தை வெளிறச் செய்து, வெள்ளை இறக்கையின் விவரத்தைக் கொன்றுவிடும். இறக்கையின் வெண்மைக்கு ஏற்ப ஒளியளவைக் குறைத்துவைப்பதே நல்லது. மேகம் இன்னும் கறுத்துத் தெரியும், அதுவும் உண்மைக்கு அருகில்தான் இருக்கும். வண்டி ஓட்டிக்கொண்டே இதை எடுக்க முயலாதீர்கள். நெடுஞ்சாலையை விட்டு ஊர்ச்சாலைக்குள் இறங்கி, காட்டுக்கு உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நில்லுங்கள். அந்தப் பக்கத்து மக்கள் இதைக் 'காத்தாடி' என்பார்கள். 'எந்தக் காத்தாடி நல்லா சுத்தும்' என்று கேட்டால் கை நீட்டிக் காட்டுவார்கள், நிற்பதற்கு இடமும் சொல்வார்கள்.

மூன்று இறக்கைச் சுழலிக்கு வருவோம். இந்தியாவில் இப்போது நிறுவப்படும் பெரிய சுழலிகளில் ஒரு வகைக்கு விட்டம் 144 மீட்டர். அதன் ஒற்றை இறக்கை ஏறத்தாழ 70 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரத்தைவிட நீளம். இவ்வளவு பெரிய வட்டத்தில் மூன்று இறக்கைகளும் சேர்ந்து அடைக்கும் இடம் மிகச் சொற்பம். மற்றதெல்லாம் வெறும் வெளி. பார்ப்பவருக்குக் காற்று சும்மா நழுவிப் போவதாகத் தோன்றும். ஆனால் அந்த இறக்கைகள் விமான இறக்கைபோல் வடிவமைக்கப்பட்டவை. காற்று அவற்றை நேரடியாகத் தள்ளுவதில்லை. இறக்கையின் இரு புறமும் வழுகி ஓடி, அழுத்த வேறுபாட்டால் அதைப் பக்கவாட்டில் இழுக்கிறது. அதனால் இறக்கையின் நுனி காற்றைவிடப் பல மடங்கு வேகமாக ஓட முடிகிறது. காற்று வட்டத்தைக் கடந்து போவதற்குள் ஏதாவது ஓர் இறக்கை வந்து அதைத் தொட்டுவிடுகிறது.

கணக்குப் போட்டால் வியப்பு கூடும். ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்றில், 144 மீட்டர் வட்டத்தின் வழியே ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 195 டன் காற்று பாய்கிறது. அதன் இயக்க ஆற்றல் சுமார் 9.8 மெகாவாட். முழுவதையும் எடுத்துக்கொள்ள முடியாது. எடுத்துக்கொண்டால் காற்று இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும், பின்னால் வரும் காற்றுக்கு வழி இருக்காது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-இல் இதன் எல்லையைக் கணித்துக் காட்டினார்: 27-இல் 16 பங்கு, அதாவது 59.3 விழுக்காடு. எவ்வளவு நுட்பமான இறக்கை செய்தாலும் அதைத் தாண்ட முடியாது.

இந்த வட்டத்தை ஒரு படத்தில் காட்ட முடியுமா? முடியும். பெரிய சுழலி நிமிடத்துக்கு 10 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 6 நொடி. ஷட்டரை 2 நொடி திறந்து வைத்தால் ஒவ்வொரு இறக்கையும் அடுத்த இறக்கை இருந்த இடம் வரை நகர்ந்துவிடும். வட்டம் முழுவதும் மென்மையான பனிப்படலமாகப் பதியும். பகலில் இதற்கு ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரும், காற்றில் ஆடாத முக்காலியும் வேண்டும். காற்றில் ஆடாத முக்காலி என்பது முப்பந்தலில் ஆடி மாதத்தில் எளிதல்ல. அம்மி பறக்கும் காற்று என்று சொல்லிவைத்திருக்கிறார்களே, அந்தக் காற்று. முக்காலியின் நடுவில் பையைத் தொங்கவிட்டு, கால்களை அகல விரித்துத் தாழ்வாக வைக்க வேண்டும். கிடைக்கும் படத்தில் இறக்கை மறைந்து, அது காற்றோடு பேரம் பேசும் பரப்பு தெரியும். காற்றாலையின் திறனைத் தீர்மானிப்பது அந்தப் பரப்புதான். விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு.

மாறாக, இறக்கையை உறையவைத்து எடுக்க எவ்வளவு வேகமான ஷட்டர் வேண்டும்? இங்கே ஒரு சுவையான முரண் இருக்கிறது. நிமிடத்துக்கு 10 சுற்றில் அந்தப் பெரிய இறக்கையின் நுனி நொடிக்கு 75 மீட்டர் ஓடுகிறது, மணிக்கு 270 கிலோமீட்டர். ஆரோவில் பக்கத்துச் சக்கரம் ஆறு மீட்டர் அகலம், நிமிடத்துக்கு 24 சுற்று என்று கொண்டால் அதன் விளிம்பு நொடிக்கு ஏழரை மீட்டர்தான் ஓடுகிறது. பத்தில் ஒரு பங்கு. ஆனாலும் படத்தில் அதிகம் மங்குவது சின்னச் சக்கரமே. இரண்டும் படச்சட்டத்தை ஒரே அளவு நிரப்பும்படி எடுத்தால், மங்கலைத் தீர்மானிப்பது மீட்டரில் ஓடும் வேகம் அல்ல, கோண வேகம். பெரியது நொடிக்கு 60 பாகை திரும்ப, சின்னது 144 பாகை திரும்புகிறது. நம் கண்ணும் இதே கணக்கில்தான் ஏமாறுகிறது: தூரத்தில் பெரிய சுழலி சோம்பலாகச் சுற்றுவதாகத் தோன்றும். அதன் அடியில் நின்று, இறக்கை ஒவ்வொன்றும் கீழே வரும்போது எழும் 'வூஷ்' என்ற ஓசையைக் கேட்டால்தான் உண்மை வேகம் உறைக்கும்.

வீடியோ எடுப்பவர்களுக்கு இன்னொரு விந்தை காத்திருக்கிறது. 24 இறக்கைகள் கொண்ட ஒரு சக்கரத்தை, நொடிக்கு 25 சட்டங்கள் எடுக்கும் வீடியோவில் பதிகிறோம். இறக்கைகளுக்கு இடையே 15 பாகை. சக்கரம் நல்ல காற்றில் நிமிடத்துக்கு 40 சுற்று சுற்றினால் ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 9.6 பாகை நகரும். ஒவ்வொரு இறக்கையும் ஒரே மாதிரி இருப்பதால், அது 9.6 பாகை முன்னே போனதா, அடுத்த இறக்கை 5.4 பாகை பின்னே வந்ததா என்று கண்ணுக்குத் தெரியாது. குறைந்த தூரத்தையே மூளை நம்பும். சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதாகத் தோன்றும்! மூன்று இறக்கைச் சுழலியில் இது நடப்பதில்லை. இடைவெளி 120 பாகை. அந்தக் குழப்பம் வர அது நிமிடத்துக்கு 250 சுற்றைத் தாண்ட வேண்டும், தாண்டாது. பழைய வடிவமா புதிய வடிவமா என்பதை வீடியோவின் மாயமே சொல்லிவிடுகிறது.

சுற்றும் திசையும் ஒரு சான்று. இன்றைய பெரிய சுழலிகளை முன்னால் நின்று பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றும். ஹாலந்தின் பழைய காற்றாலைகள் பெரும்பாலும் அதற்கு எதிர்த்திசையில் சுற்றுபவை. ராட்டர்டாம் அருகே கிண்டர்டைக் என்ற இடத்தில், பெரும்பாலும் 1738 முதல் 1740 வரை கட்டப்பட்ட 19 காற்றாலைகள் கால்வாய்க் கரையில் நிற்கின்றன. 1997-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலத்திலிருந்து நீரை மேலே தள்ளுவது அவற்றின் தொழிலாக இருந்தது. நம் ஆரோவில் சக்கரம் நிலத்துக்கு நீர் கொண்டுவந்தது என்றால், இவை நிலத்திலிருந்து நீரை வெளியேற்றின. அவற்றைச் சுற்றாத நேரத்தில் எடுப்பதிலும் பொருள் உண்டு. நான்கு இறக்கைகளை எந்தக் கோணத்தில் நிறுத்துவது என்பது அங்கே ஒரு மொழி. மேலே வந்துகொண்டிருக்கும் இறக்கை உச்சிக்குச் சற்று முன்னால் நின்றால் வீட்டில் நல்ல காரியம். உச்சியைச் சற்றே தாண்டி நின்றால் துக்கம். இடவலம் மாற்றி அச்சடித்த புகைப்படம் அங்கே திருமணத்தை இழவாக்கிவிடும்.

காற்றாலையும் புகைப்படமும் சந்தித்துக்கொண்டது புகைப்படம் பிறந்த காலத்திலேயே. பிரான்சில் இப்போலித் பயார் 1839-இல் தன் சொந்த முறையில் காகிதத்தில் எடுத்த படங்களில் பாரிஸ் மோன்மார்த்ர் குன்றின் காற்றாலைகளும் உண்டு. ஒளிப்பதிவுக்கு நிமிடக்கணக்கில் நேரம் பிடித்த காலம் அது. சுற்றிக்கொண்டிருந்த இறக்கை அத்தகைய படத்தில் பதிவாகாமலே கரைந்துபோகும். நிற்பது மட்டுமே நிலைக்கும். அந்த மோன்மார்த்ர் ஆலைகளில் பெரும்பாலானவை பின்னர் நகரம் பெருகியபோது காணாமற்போயின. யாரோ ஒருவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றதால் அவற்றின் முகம் இன்றும் இருக்கிறது.

காற்றைத்தான் படம் எடுக்க முடியாது என்பார்கள். ஒருமுறை அது படத்தில் விழுந்திருக்கிறது. டென்மார்க்குக்கு மேற்கே வடகடலில் ஹார்ன்ஸ் ரெவ் காற்றாலைப் பண்ணை இருக்கிறது. 2002-இல் கட்டப்பட்டது, 80 சுழலிகள். 2008 பிப்ரவரி 12-ஆம் நாள் கிறிஸ்தியன் ஸ்டைனஸ் என்பவர் வானிலிருந்து அதைப் படம் எடுத்தார். கடற்பரப்பின் ஈரமும் அதற்கு மேலிருந்த குளிர்ந்த காற்றும், சற்றுக் கலந்தாலே மூடுபனியாகத் திரளும் எல்லையில் அன்று இருந்தன. சுழலிகள் கலக்கிவிட்டன. முதல் வரிசைச் சுழலிகள் ஒவ்வொன்றின் பின்னாலும் வெண்பனி வாலாகப் பிறந்து, விரிந்து, பின்வரிசைகளின் மேல் படர்ந்து சென்றது அப்படியே பதிவானது. ஒரு சுழலி கடந்துவிட்ட காற்று மெலிந்து, கலங்கி, பின்னாலிருப்பதற்குப் போய்ச் சேர்கிறது என்பது பொறியாளர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் அதைக் கண்ணால் கண்டது உலகம் முழுவதும் காற்று ஆற்றல் துறையினரை உலுக்கியது. இந்தப் படத்தைக் காட்டாத காற்றாலை வகுப்பறை குறைவு.

நம் ஊரிலும் சுழலிகளை நெருக்கி நடாததற்கு இதுவே காரணம். காற்று வீசும் திசையில் ஏழு விட்டமும், அதற்குக் குறுக்கே ஐந்து விட்டமும் இடைவெளி விடுவது இங்கே பழகிப்போன கணக்கு. நீண்ட டெலி லென்ஸ் இந்த இடைவெளியை விழுங்கிவிடும். ஒரு கிலோமீட்டர் விலகி நிற்பவை ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்ததுபோல் தெரியும். பத்திரிகைகளில் காணும் 'காற்றாலைக் காடு' படங்கள் பெரும்பாலும் அப்படி வந்தவை. அழகானவைதான், ஆனால் அவற்றை மட்டும் பார்ப்பவர் அந்த நிலத்தில் இடையே சோளமும் பருத்தியும் விளைவதை, ஆடு மேய்வதை அறியாமல் போவார். வைடு லென்ஸோடு கீழே இறங்கி, உழுத சாலும் ஆட்டுக்கிடையும் முன்னால் வர, சுழலி தன் தூரத்தில் நிற்கும்படி ஒரு படமும் எடுத்துவிடுவது நியாயம். உயரம் உணரப்பட ஒரு பனைமரம் அருகில் இருந்தால் போதும். கோடை நண்பகலில் தூரத்துச் சுழலியை டெலியில் எடுத்தால் கானல் அலையில் கோபுரம் நெளியும். அதற்குக் காலைதான் நேரம்.

கயத்தாறு போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்றே அதை நமக்குத் தெரியும். சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் இருப்பதும் அங்கேதான். புதிய சுழலி சொன்னபடி மின்சாரம் தருகிறதா, எவ்வளவு அதிர்கிறது, எவ்வளவு இரைகிறது என்று அங்கே அளக்கிறார்கள். வெவ்வேறு காலத்துக் காற்றாலைகளை அந்த வட்டாரத்தில் அருகருகே பார்க்கலாம்.

அந்த வெவ்வேறு காலம் என்பதுதான் இப்போது அவசரமான செய்தி. 1986-இல் குஜராத்தின் ஓகா, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி, தமிழ்நாட்டில் தூத்துக்குடி வட்டாரம் ஆகிய கடலோர இடங்களில் இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகள் நிறுவப்பட்டன. ஒவ்வொரு சுழலியும் 55 கிலோவாட். விட்டம் சுமார் 15 மீட்டர். இன்று 3 மெகாவாட் சுழலி ஒன்று அவற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டவற்றுக்குச் சமம். 1990-களில் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் கம்பிச்சட்டக் கோபுரங்களில் ஏறிய சின்னச் சுழலிகள் நாட்டின் மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்ட நிலையில், அந்த நல்ல இடங்களில் பழையவற்றை இறக்கிவிட்டுப் பெரியவற்றை ஏற்றுவது பொறியியல்படி சரியான முடிவு. 2024-இல் மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையும் வெளியிட்டது. பழையவை ஒவ்வொன்றாக இறங்கும். இறக்கைகள் கண்ணாடி இழையும் பிசினும் கலந்தவை. உருக்கி மறுபடி வார்க்க முடியாதவை.

எனக்கு இதில் வருத்தம் இருக்கிறது. கிண்டர்டைக்கின் பழைய காற்றாலைகளைப் பாரம்பரியம் என்று உலகம் ஒத்துக்கொள்கிறது. முப்பது நாற்பது ஆண்டு வயதான நம் இரும்புக் கோபுரத்தை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரு கிராமத்தின் வானத்தை முதன்முதலில் மாற்றியது அது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அதில் வேலைக்கு ஏறினார்கள். அழகான படம் ஒன்றோடு நிறுத்தாமல், பதிவாகும் படம் சிலவும் எடுத்துவைக்க வேண்டும். கோபுரம் முழுவதும் அடிமுதல் நுனிவரை, சாயாமல், எதிரே நின்று ஒன்று. பக்கவாட்டில் ஒன்று, இறக்கையின் முறுக்கு அதில்தான் தெரியும், அடிப்பகுதி ஒரு கோணத்திலும் நுனி வேறு கோணத்திலும் திரும்பியிருக்கும், காரணம் நுனி வேகமாக ஓடுவதால் காற்று அதற்கு வேறு திசையிலிருந்து வருவதுபோல் படுகிறது. கதவுக்கு அருகிலுள்ள பெயர்ப்பலகை ஒன்று, அதில் திறனும் ஆண்டும் இருக்கும். அடித்தளத்தின் போல்ட்டுகள். ஏணி. நிலத்துக்கு உரியவரோ காவலரோ சம்மதித்தால் அவரும் உடன் நிற்க ஒன்று. தேதி, நேரம், காற்று வீசிய திசை மூன்றையும் படத்தோடு எழுதிவைக்க வேண்டும். ஆரோவில் பக்கத்துச் சக்கரங்களுக்கும் இதே பட்டியல்தான். கூடுதலாகக் குழாயின் வாயும், நீர் விழும் தொட்டியும், அந்த நீர் போய்ச் சேரும் பாத்தியும். அங்கே சில கோபுரங்களைச் சூரிய ஒளித்தகடும் மின் மோட்டாரும் ஓய்வுக்கு அனுப்பிவிட்டன. சுற்றுகிறவை சுற்றும்போதே எடுத்துவிடுங்கள். பிற்பகல் கடற்காற்று தொடங்கியதும் போனால் சக்கரம் கிழக்கே பார்த்திருக்கும், வெயில் உங்கள் எதிரே இருக்கும், ஷட்டரை நொடியில் அறுபதில் ஒரு பங்குக்கு வைத்தால் விளிம்பு மட்டும் இலேசாக மங்கி நடுப்பகுதி கூர்மையாக நிற்கும்.